கை கால் விறைப்பு: எந்த விரலில், எந்த நேரத்தில், எவ்வளவு வேகத்தில்?

‘இரத்தம் ஓடேல்லைப் போல கிடக்கு.’ கை விறைப்பு, கால் விறைப்பு என்று வருகிறவர்களில் அநேகர் கதிரையில் இருந்ததும் என்னிடம் சொல்கிற முதல் வசனம் இதுதான். நான் வெள்ளவத்தையில் இயன்மருத்துவராக வேலை செய்கிறேன். அவர்களின் அடுத்த வசனமும் எனக்கு மனப்பாடம்: ‘பார்மசியில நரம்புக்குக் குளிசை வாங்கிப் போட்டனான், அப்பிடியேதான் கிடக்கு.’ இப்படியே ஆறு மாதம், ஒரு வருடம் கடத்திவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் நோகும். நரம்பு எப்படி வேலை செய்கிறது என்பது கொஞ்சம் விளங்கிவிட்டால் போதும். எந்த விறைப்பு தானாகப் போகும், எதற்கு இரத்தப் பரிசோதனை வேண்டும், எதற்கு அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதை வீட்டிலிருந்தே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே சொல், மூன்று பொருட்கள்

குழப்பத்தில் பாதி நம்முடைய பேச்சுப் பழக்கத்திலேயே இருக்கிறது. இரத்தம் எடுக்கும்போது ‘நரம்பு பிடிபடேல்லை’ என்கிறோம். அங்கே நரம்பு என்று நாம் சொல்வது இரத்தம் ஓடும் குழாயை, அதாவது நாளத்தை. காலையில் கழுத்தைத் திருப்ப முடியாவிட்டால் ‘நரம்பு பிடிச்சுக்கொண்டுது’ என்கிறோம். அது பெரும்பாலும் தசை. சில வேளை தசையை எலும்போடு கட்டியிருக்கும் கயிறு. அந்தக் கயிற்றுக்குத் தசைநாண் என்று பெயர். கெண்டைக்காலில் பச்சையாக நெளிந்து புடைப்பதை ‘நரம்பு சுருட்டு’ என்கிறோம், அதுவும் நாளந்தான்.

உண்மையான நரம்பு இந்த இரண்டிலிருந்தும் வேறுபட்டது. அது செய்தி கடத்தும் கம்பி. தோலில் பட்ட சூடு, குளிர், தொடுகை எல்லாவற்றையும் மூளைக்குக் கொண்டுபோகிறது. மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுவருகிறது. கையிலுள்ள வேகமான நரம்பிழைகளில் செய்தி விநாடிக்கு 50 மீற்றருக்கு மேல் ஓடுகிறது.

நம்முடைய தொடர்மாடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே சுவருக்குள் தண்ணீர்க் குழாயும் போகிறது, கரண்ட் வயரும் போகிறது. குழாய் அடைத்தால் தண்ணீர் நிற்கும். வயர் பழுதானால் லைட் அணைந்து அணைந்து எரியும். லைட் மினுங்குகிறது என்று யாரும் குழாய் திருத்துகிறவரைக் கூப்பிடுவதில்லை. ஆனால் கை விறைத்தால் நாம் முதலில் இரத்தத்தைத்தான் குற்றம் சொல்கிறோம். இரத்தக் குழாய் அடைபட்டால் பெரும்பாலும் வேறு அடையாளங்களும் சேர்ந்து வரும்: கால் வெளிறும், தொட்டால் குளிர்ந்திருக்கும், கொஞ்சத் தூரம் நடந்தவுடன் கெண்டைக்கால் இறுகி வலித்து, நின்றால் விட்டுவிடும். வெறும் ஊசிக்குத்தலும் விறைப்பும் மட்டுமே என்றால் அநேகமாக வயரில்தான் சங்கதி இருக்கிறது.

விறைப்பு என்ற சொல்லுக்குள்ளும் பல சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. யார் ‘விறைக்குது’ என்று வந்தாலும் நான் திருப்பிக் கேட்பேன்: எறும்பு ஊருவது போல, ஊசி குத்துவது போல இருக்கிறதா? அல்லது தொட்டாலும் தெரியாமல் கட்டையாக இருக்கிறதா? அல்லது பிடித்த சாமான் கையிலிருந்து விழுகிறதா? முதலாவது ஊசிக்குத்தல்: நரம்பு தேவையில்லாத செய்தியை அனுப்புகிறது. இரண்டாவது உணர்விழப்பு: அனுப்பவேண்டிய செய்தியை அனுப்பவில்லை. மூன்றாவது பலவீனம்: தசைக்குப் போகும் கட்டளை குறைந்துவிட்டது. பொதுவாக இந்த வரிசையில்தான் பாரதூரமும் கூடும்.

சப்பாணி கட்டி இருந்து எழும்பும்போது

எல்லோருக்கும் தெரிந்த விறைப்பிலிருந்து தொடங்குவோம். கோயிலில் அன்னதானத்துக்கு அரை மணித்தியாலம் சப்பாணி கட்டி இருக்கிறீர்கள். எழும்பும்போது பாதம் உங்களுடையதே இல்லை போலிருக்கும். ஊன்றினால் முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு ஆயிரம் ஊசி.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில் ஒரு சின்ன எலும்பு முனை தட்டுப்படும். தடவிப் பாருங்கள். அதைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகே போகிறது. சப்பாணி கட்டும்போது அது தரைக்கும் எலும்புக்கும் நடுவில் நசிபடுகிறது. நரம்புக்கும் உயிர் இருக்கிறது, அதற்கும் சாப்பாடு வேண்டும். மயிரிழை போன்ற மிகச் சிறிய நாளங்கள் அதற்கென்றே ஓடுகின்றன. நசிபடும்போது அவையும் மூடிக்கொள்ள, நரம்பு செய்தி அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. அந்த வகையில் ‘இரத்தம் ஓடேல்லை’ என்பதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஆனால் இரத்தம் குறைந்தது காலுக்கல்ல, நரம்புக்கு. அந்த நேரத்தில் உங்கள் கால்விரல்களைப் பார்த்தால் நிறம் வழக்கம் போலவே இருக்கும்.

எழும்பியதும் அமுக்கம் விடுபடுகிறது. நரம்பு ஒரேயடியாகப் பழைய நிலைக்கு வருவதில்லை. கரண்ட் போய் வரும்போது வீட்டிலுள்ள எல்லாச் சாமான்களும் ஒன்றாகக் கத்துவது போல, யாரும் கேளாமலே செய்திகளை அள்ளி வீசுகிறது. மூளைக்கு அதுதான் ஊசிக்குத்தல். அதாவது அந்த ஊசிகள் குத்துவது நரம்பு மீண்டு வரும்போது. இரண்டொரு நிமிடத்தில் அடங்கிவிடும்.

முழங்கையை மேசை விளிம்பில் இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்தது போல சின்னவிரல் வரைக்கும் ஓடுமே, அதுவும் இதே கதை. அங்கே ஒரு நரம்பு எலும்புப் பள்ளத்தில் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் கிடக்கிறது.

ஆகவே, காரணம் தெரிந்து, நிலையை மாற்றியதும் சில நிமிடங்களில் முழுதாகப் போய்விடும் விறைப்புக்கு அந்தரப்படத் தேவையில்லை. ஒருவர் கதிரைக் கையில் தோளைப் போட்டபடி வெறியில் விடியவிடியத் தூங்கி, காலையில் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் வந்தால் அது வேறு. அதே அமுக்கந்தான், ஆனால் பல மணித்தியாலம். அந்தக் கை திரும்ப வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஆகும்.

எந்த விரல் என்று எண்ணிப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இந்தப் பகுதியை வையுங்கள். ஒவ்வொரு நரம்புக்கும் தோலில் ஒரு எல்லை இருக்கிறது, விதானைமாரின் பிரிவுகளைப் போல. எந்தப் பகுதி விறைக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தால் எந்த நரம்பு என்று தெரியும். எந்த நரம்பு என்று தெரிந்தால் எந்த இடத்தில் நசிபடுகிறது என்று தேடலாம்.

கொழும்பில் நான் அதிகமாகக் காணும் கை விறைப்பு மணிக்கட்டில் தொடங்குகிறது. உள்ளங்கையின் அடியில், மணிக்கட்டு எலும்புகளுக்கும் அவற்றின் மேல் இழுத்துக் கட்டிய ஒரு தடித்த நாடாவுக்கும் இடையில் ஒடுக்கமான சுரங்கம் இருக்கிறது. அதற்குள்ளால் ஒன்பது தசைநாண்களும் ஒரேயொரு நரம்பும் போகின்றன. காலை எட்டு மணிக்குப் புறக்கோட்டை போகும் 100 ஆம் இலக்க பஸ் மாதிரி நெருக்கம். தசைநாண்கள் கொஞ்சம் வீங்கினாலே நசிபடுகிற ஆள் நரம்புதான். அந்த நரம்பின் எல்லை பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பெருவிரல் பக்கத்துப் பாதி. சின்னவிரலுக்கு அதனோடு சம்பந்தமே இல்லை.

பம்பலப்பிட்டியில் வீட்டிலிருந்து சட்டை தைத்துக் கொடுக்கும் ஒருவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: ‘இரவு ரெண்டு மணிக்கு எழுப்பிவிடும். எழும்பி இருந்து கையை உதறினாத்தான் நித்திரை.’ இந்த உதறல் ஒரு அச்சொட்டான அடையாளம். தூக்கத்தில் நாம் அறியாமல் மணிக்கட்டை மடக்கிக்கொள்கிறோம். சுரங்கம் இன்னும் ஒடுங்குகிறது. தையல், திருவலையில் தேங்காய் திருவுதல், பஸ்ஸில் கம்பியை இறுகப் பிடித்து நிற்றல், கைபேசியை மடக்கிய கையில் வைத்துப் பார்த்தல் எல்லாம் கூட்டிவிடும். கர்ப்பிணிகளுக்கு உடலில் நீர் கூடுவதால் வரும். பிள்ளை பிறந்தபிறகு பெரும்பாலும் தானாகப் போய்விடும். தைரொயிட் குறைபாடு, நீரிழிவு, மூட்டுவாதம் உள்ளவர்களுக்கும் இது கூடுதலாக வரும். அதனால்தான் வைத்தியர் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு இரத்தப் பரிசோதனைக்கு எழுதுகிறார். அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

தொடக்கத்தில் வந்தால் வைத்தியம் லேசு. இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் ஒரு பட்டி பல பேருக்குப் போதும். பிந்தி வருகிறவர்களின் உள்ளங்கையைப் பார்த்தவுடன் தெரியும்: பெருவிரலுக்கு அடியில் மேடாக இருக்கவேண்டிய சதை வற்றித் தட்டையாகியிருக்கும். அந்த நிலையில் பட்டி மட்டும் காணாது. அந்த நாடாவை வெட்டி விடும் சத்திரசிகிச்சை தேவைப்படும். கையை மட்டும் விறைக்கப்பண்ணிச் செய்யலாம். சதை வற்றும் வரைக்கும் காத்திருக்காதீர்கள்.

சின்னவிரலும் மோதிரவிரலின் மறுபாதியும் விறைத்தால் முழங்கையைப் பாருங்கள். மேசையில் முழங்கை ஊன்றும் பழக்கம், ஒரு மணித்தியாலம் முழங்கையை மடித்து வெளிநாட்டிலுள்ள மகளோடு போன் கதைப்பது போன்றவை காரணமாகும். கழுத்திலிருந்து தோள் வழியாக ஒரு கோடு போல இறங்கி, கழுத்தைத் திருப்பும்போது கூடினால், நரம்பு புறப்படும் இடமான கழுத்தெலும்பில் நசிபடுகிறது. இடுப்பிலிருந்து பிட்டம், தொடையின் பின்பக்கம், பாதம் என்று ஒரு காலில் மட்டும் இறங்கினால் இடுப்புப் பக்கத்து முள்ளந்தண்டில் நசிபடுகிறது.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: ஒரு கையில் அல்லது ஒரு காலில், குறிப்பிட்ட ஒரு பகுதியில் மட்டும் விறைப்பு என்றால், வழியில் எங்கோ ஓரிடத்தில் நரம்பு நசிபடுகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. உடல் முழுவதற்கும் போடும் குளிசை அந்த இடத்து நெரிசலை விலக்காது.

இரண்டு பாதமும் ஒன்றாக விறைத்தால்

இனி வேறு கதை. இரு பாதங்களிலும், விரல் நுனியிலிருந்து ஒரே மாதிரி, மேசு போட்டது போலத் தொடங்கி, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மேலே ஏறும் விறைப்பு. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் நசிபடுவது அபூர்வம். ஆகவே இங்கே பழுது ஓரிடத்தில் இல்லை. எல்லா வயர்களையும் ஒன்றாகப் பாதிக்கும் ஏதோவொன்று இரத்தத்தில் இருக்கிறது.

அப்படியென்றால் ஏன் பாதத்தில் மட்டும் தெரிகிறது? 2022 ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். பெற்றோலும் டீசலும் இல்லாமல் வரிசையில் கிடந்த காலம். புறக்கோட்டையில் மொத்தக் கடைகளில் சாமான் இருந்தது, லொறி ஓடவில்லை. அப்படியான நேரத்தில் முதலில் தட்டு வெறுமையாவது எந்தக் கடை? ஆகத் தூரத்திலுள்ள கிராமத்துக் கடைதான். பாதத்து நரம்பும் அப்படித்தான். கால்விரல் நுனிவரை போகும் நரம்பிழையின் உயிரணு முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரேயொரு உயிரணு, அதன் இழை ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளம். பழுது பார்க்கத் தேவையான சாமானெல்லாம் அவ்வளவு தூரம் போய்ச் சேர வேண்டும். உடலில் எந்தத் தட்டுப்பாடு வந்தாலும், எந்த நஞ்சு கூடினாலும், முதலில் வாடுவது இந்த நுனிகள். விறைப்பு முழங்கால் அளவுக்கு ஏறும் நேரத்தில்தான் கைவிரல் நுனிகளிலும் தொடங்கும். கையுறையும் மேசும் போட்டது போல.

இதற்கு முதற்காரணம் நீரிழிவு, நம்மவர் சொல்லும் சீனி வருத்தம். நெடுநாள் கூடியிருக்கும் சீனி நரம்பிழையையும் கெடுக்கிறது, அதற்குச் சாப்பாடு கொண்டுபோகும் அந்த மயிரிழை நாளங்களையும் கெடுக்கிறது. நீரிழிவு உள்ளவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு எப்போதாவது ஒரு கட்டத்தில் நரம்புப் பாதிப்பு வருகிறது. சிலருக்கு நீரிழிவு இருப்பதே பாதவிறைப்பால்தான் முதலில் தெரியவருகிறது. வெறும் வயிற்றில் எடுத்த சீனி டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 வீதம் அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு என்பது பொதுக் கணக்கு. பாதம் இரண்டும் விறைக்கிறது என்று யார் சொன்னாலும் இந்தப் பரிசோதனை செய்யாமல் வேறெதையும் தொடங்கக் கூடாது என்பது என் திடமான எண்ணம்.

இப்போது சொல்லப்போவது எனக்கு மிக முக்கியம். கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அன்ரி வந்தார். பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம். ‘முந்தி இரவில கால் எரிஞ்சு படுக்கேலாது. இப்ப எரிவெல்லாம் நிண்டிட்டுது பிள்ளை, சுகம்’ என்று சந்தோஷமாகச் சொன்னார். இரண்டு மாடி ஏறி வந்திருந்தார். நான் குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்கால். ‘அன்ரி, மற்றச் செருப்பு?’ அவரும் அப்போதுதான் பார்த்தார். ‘ஐயோ, கழண்டது தெரியேல்லையே.’ மகன் இறங்கிப் போய் முதலாம் மாடிப் படியில் கிடந்ததை எடுத்து வந்தார். இடது பெருவிரலுக்கு அடியில் ஒரு சின்னக் கொப்புளம் உடைந்து ஈரமாக இருந்தது. அதுவும் அவருக்குத் தெரியாது.

எரிவு நின்றது நரம்பு சுகமானதால் அல்ல. செய்தி அனுப்ப அங்கே நரம்பு மிச்சமில்லை. லைட் மினுங்குவது நின்றது வயர் சரியானதாலும் இருக்கலாம், பல்ப் எரிந்து போனதாலும் இருக்கலாம். ஆகவே நீரிழிவு உள்ள ஒருவர் ‘விறைப்பு இப்போது இல்லை’ என்றால், பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சந்தோஷப்பட வேண்டும். கிளினிக்கில் மெல்லிய நைலோன் இழையொன்றால் உள்ளங்காலைத் தொட்டுக் கேட்பார்கள். ஒரு நிமிடத்து வேலை. கேட்காவிட்டால் நீங்களே கேட்டுச் செய்வியுங்கள்.

உணர்வு குறைந்த பாதத்துக்குச் சின்னச் சின்னச் சங்கதிகளே ஆபத்து. இரவில் படுக்க முன் உள்ளங்காலைப் பாருங்கள்; குனிய முடியாதவர்கள் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். சப்பாத்தைப் போட முன் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். விறைக்கிறது என்று சுடுதண்ணியில் காலை விடாதீர்கள், சுடுதண்ணிப் பை வைக்காதீர்கள்: தண்ணி எவ்வளவு சூடு என்று சொல்ல வேண்டிய நரம்புதான் பழுது. அதே காரணத்தால், ஆடிவேல் இரதத்தின் பின்னால் காலி வீதித் தாரில் வெறுங்காலோடு நடப்பதையும், மத்தியானக் கோயில் வெளிவீதிக் கல்லில் பிரதட்டை செய்வதையும் இவர்கள் தவிர்க்கத்தான் வேண்டும். பக்தியைக் குறைக்கச் சொல்லவில்லை. வெயில் ஏற முன் போய்வாருங்கள். வெந்த காலோடு வந்தவர்களுக்கு, வெந்தது வீட்டுக்கு வந்து தரையில் ஈரம் கண்ட பிறகுதான் தெரிந்தது.

‘நரம்புக் குளிசை’யும் பி12 உம்

பார்மசியில் நரம்புக்கென்று கொடுக்கும் குளிசைகளில் பெரும்பாலும் பி1, பி6, பி12 என்ற மூன்று விற்றமின்கள் இருக்கும். இவற்றில் பி12 நரம்பைச் சுற்றியுள்ள உறைக்கு மிகவும் தேவையானது. வயரின் பிளாஸ்டிக் உறை உரிந்தால் என்ன ஆகுமோ அதுதான் பி12 குறைந்த நரம்புக்கும் ஆகும். ஆகவே பி12 குறைவால் வந்த விறைப்புக்கு பி12 அருமருந்து. மணிக்கட்டில் நசிபட்ட நரம்புக்கு அது ஒன்றும் செய்யாது.

பி12 விலங்குணவில்தான் கிடைக்கிறது: மீன், நெத்தலிக் கருவாடு, முட்டை, பால், இறைச்சி. மச்சம் தொடாத சுத்த சைவக்காரர், அதிலும் பாலும் குறைவாக எடுப்பவர்கள், கவனிக்க வேண்டும். ஈரலில் சில வருடங்களுக்குப் போதுமான சேமிப்பு இருப்பதால், குறைபாடு உடனே தெரியாது. மெல்ல வந்து பிடிக்கும். வயது போனவர்களுக்கு வயிற்றில் உறிஞ்சும் சக்தி குறைகிறது. வாயுவுக்கும் நெஞ்செரிவுக்கும் ஒமேப்பிரசோல் போன்ற குளிசையை வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்கும், சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மின் நெடுநாள் எடுப்பவர்களுக்கும் பி12 குறையலாம். மெட்ஃபோர்மின் நல்ல மருந்து; நீங்களாக நிறுத்தாதீர்கள். பாதம் விறைக்கும்போது ‘சீனிதான் காரணம்’ என்று முடிவெடுக்காமல் பி12 அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டும் சேர்ந்திருந்தால் ஒன்றையாவது முழுதாகத் தீர்க்கலாம்.

‘விற்றமின்தானே, கூடினா என்ன?’ என்று கேட்பார்கள். பி6 அதிக அளவில் நெடுங்காலம் போனால் அதுவே நரம்பைக் கெடுத்து விறைப்பைக் கொண்டுவரும். விறைப்புக்கென்று இரண்டு மூன்று வகைக் குளிசையை ஒன்றாகப் போட்டு, அதனாலேயே விறைப்பு கூடுவது நடக்கக்கூடியது.

மிச்சக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெடுநாள் குடி, தைரொயிட் குறைபாடு, சிறுநீரக நோய், சில புற்றுநோய் மருந்துகள், காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட் ஆகியவையும் நரம்பைப் பாதிக்கும். காசநோய் மருந்தோடு பி6 சேர்த்துக் கொடுப்பது அதற்காகத்தான்.

இன்னொன்றைப் பற்றிப் பேச நம் சமூகத்தில் தயக்கம் இருக்கிறது. அதனாலேயே சொல்ல வேண்டும். தோலில் வெளிறிய அல்லது சிவந்த ஒரு படை, அந்த இடத்தில் மட்டும் தொட்டால் தெரியவில்லை என்றால், தொழுநோயாக இருக்கலாம். 1995 இல் இலங்கை தொழுநோயைப் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே கொண்டுவந்தது. ஆனாலும் நோய் முற்றாக ஒழியவில்லை. கொழும்பிலும் புதிய நோயாளிகள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். மருந்து இலவசம், நோய் முழுதாக மாறும், மருந்து தொடங்கியதும் மற்றவருக்குத் தொற்றுவது நின்றுவிடும். மறைத்து வைத்தால்தான் விரல் மடங்கும்.

பதற்றத்தில் வரும் விறைப்பு

பரீட்சை மண்டபத்திலோ, லிஃப்டுக்குள்ளோ, கெட்ட செய்தி கேட்டோ சிலருக்கு இரண்டு கைவிரல்களும் வாயைச் சுற்றியும் விறுவிறுக்கும், விரல்கள் கோணிக்கொள்ளும். பக்கத்தில் நிற்பவர்கள் ‘வலிப்பு’ என்று பயந்துவிடுவார்கள். வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விடும்போது இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டு குறைகிறது. அதனால் இரத்தத்தில் நரம்பு பயன்படுத்தக்கூடிய கல்சியமும் தற்காலிகமாகக் குறைந்து, நரம்பு துள்ளத் தொடங்குகிறது. இதில் நடிப்பு எதுவுமில்லை, நடப்பது இரத்தத்தில். கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, மூச்சை வெளியே விடுவதை நீட்டி விடச் சொல்லுங்கள். ஆனால் முதல் தடவை என்றால், அல்லது நெஞ்சை அழுத்துகிறது என்றால், பதற்றம் என்று நீங்களே முடிவெடுக்காமல் காட்டுங்கள்.

நிமிடக் கணக்குப் பார்க்க வேண்டிய நேரம்

இடத்தைப் பார்த்தோம். இனி வேகம். மாதக்கணக்கில் வந்த விறைப்புக்குக் கிளினிக் நாள் வரைக்கும் பொறுக்கலாம். நிமிடத்தில் வந்ததற்குப் பொறுக்கக் கூடாது.

திடீரென்று உடலின் ஒரு பக்கம், கையும் காலும், அல்லது கையும் முகமும் ஒன்றாக விறைத்தால் அது மூளையில் நடக்கிறது. பாரிசவாதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் நீட்டச் சொல்லுங்கள், ஒன்று கீழே இறங்குகிறதா? ஒரு வசனம் சொல்லச் சொல்லுங்கள், நாக்குக் குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் 1990 க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அறிகுறி தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணித்தியாலத்துக்குள் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்ற வேண்டும். அதற்கு முன் ஸ்கான் எடுக்க வேண்டும். ஆகவே கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்; ஆஸ்பத்திரியில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். வாயில் தண்ணியோ குளிசையோ கொடுக்காதீர்கள், புரைக்கேறும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்காதீர்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் போக வேண்டும். அது பெரியது வர முன் வந்த சின்னதாக இருக்கலாம்.

பாதத்தில் தொடங்கிய விறைப்பு நாட்கணக்கில் மேலே ஏறி, கூடவே கால் வலுவிழந்து, படியேற முடியாமல் போனால் அதுவும் அவசரம். வயிற்றோட்டமோ தடிமன் காய்ச்சலோ வந்து ஓரிரு வாரத்தின் பின் சிலருக்கு உடலின் காவற்படையே நரம்பைத் தாக்கும். 1916 இல் இதை விவரித்த பிரெஞ்சு வைத்தியர்களின் பெயரால் இதற்குக் கில்லன்-பாரே நோய் என்று பெயர். பலவீனம் மூச்சுத் தசைவரை ஏறலாம் என்பதால் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும். நேரத்தோடு போனால் பெரும்பாலானோர் நடந்து வீடு திரும்புகிறார்கள்.

இடுப்பு வலியோடு, சைக்கிள் சீற்றில் படும் பகுதி விறைத்து, சலம் போக முடியாமலோ அடக்க முடியாமலோ போனால் அன்றைக்கே போங்கள். வெட்கத்தில் இதைச் சொல்லாமல் விட்டு, சலப்பையின் கட்டுப்பாட்டையே இழந்தவர்கள் உண்டு. இடது கை விறைப்போடு நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் இருதயம், அதற்கும் 1990.

இவ்வளவு அவசரமில்லாத, ஆனால் தள்ளிப்போடக் கூடாத ஒன்று: இரு கையும் விறைத்து, சட்டைப் பொத்தான் பூட்டத் தடுமாறி, நடையும் தள்ளாடத் தொடங்குவது. முள்ளந்தண்டுக்குள்ளால் இறங்கும் பெரிய நரம்புக் கயிறான முண்ணாணே கழுத்தில் நசிபடும்போது அப்படி வரும். ‘வயசு போகுது’ என்று வீட்டார் விட்டுவிடுவது பெரும்பாலும் இதைத்தான்.

வைத்தியரிடம் போகும்போது

வெளிநோயாளர் பிரிவில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். ‘உடம்பெல்லாம் விறைக்குது டொக்டர்’ என்று சொன்னால் அந்த நிமிடங்கள் வீண். எந்த விரல், எத்தனை நாள், இரவிலா பகலிலா, ஒரு பக்கமா இரண்டு பக்கமா, என்ன செய்தால் கூடும், என்ன குளிசை போடுகிறீர்கள் என்பதை எழுதிக்கொண்டு போங்கள். பழைய கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள்.

அந்தத் தையல்கார அக்காவிடம் ஒரு வேலை கொடுத்திருந்தேன்: இரவு எழும்பும்போது எங்கே விறைக்கிறதோ அதைக் கையோடு வரைந்து வையுங்கள் என்று. அடுத்த கிழமை நாட்காட்டித் தாளொன்றைக் கொண்டுவந்தார். பின்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துச் சுற்றிக் கோடு இழுத்திருந்தார். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் தையல் சோக்கால் நீலம். மோதிரவிரலின் நடுவே ஒரு கோடு. ஒரு பாதி நீலம், மறுபாதி வெள்ளை. சின்னவிரலைத் தொடவே இல்லை. அந்தத் தாளை அப்படியே வைத்தியரிடம் அனுப்பிவைத்தேன்.